ஜூடித் ஹியூமன்

ஜூடித் எலன் ஹியூமன் (டிசம்பர் 18, 1947 - மார்ச் 4, 2023) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மாற்றுத்திறனாளர் உரிமைச் செயற்பாட்டாளர் ஆவார். ஜூடி ஹியூமன் என்ற பெயராலேயே பரவலாக அறியப்பட்டார். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் நடக்கும் ஆற்றலை இழந்த இவர், வாழ்நாள் முழுதும் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தினார். நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகளில் சக்கர நாற்காலியில் இருந்தபடி பாடம் நடத்திய முதல் ஆசிரியர் இவரே. 1977-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற 504 உள்ளிருப்புப் போராட்டத்தின் தலைவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் அமெரிக்கக் கல்வித் துறை, உலக வங்கி, அமெரிக்க வெளியுறவுத் துறை ஆகியவற்றில் உயர் பொறுப்புகளை வகித்தார்.

இவருடைய புகழுக்கு அடிப்படையான 1977 போராட்டம் ஒரு புதிய சட்டத்தைக் கேட்டு நடந்தது அன்று. சட்டம் 1973-இலேயே நிறைவேறியிருந்தது. அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிமுறைகளில் ஓர் அமைச்சர் கையொப்பம் இட வேண்டும் என்பதே கோரிக்கை. ஒரு சட்டம் ஏட்டில் இருப்பதற்கும் செயல்படுவதற்கும் இடையே உள்ள தொலைவை விளங்கிக்கொள்ள விரும்புவோருக்கு இவருடைய வாழ்க்கை நல்லதோர் எடுத்துக்காட்டு.

பிறப்பும் பெற்றோரும்

ஹியூமன் பென்சில்வேனியா மாநிலத்தின் பிலடெல்பியா நகரில் பிறந்து, நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் வளர்ந்தார். தந்தை வெர்னர், தாய் இல்சா. இருவரும் செருமனியில் பிறந்த யூதர்கள். 1930-களில், நாட்சி ஆட்சியின் கொடுமை முற்றிவந்த வேளையில், சிறு வயதிலேயே தனித்தனியாக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவர்கள். அங்கேயே தங்கிவிட்ட அவர்களின் பெற்றோர் இன அழிப்பில் கொல்லப்பட்டனர். வெர்னர் புரூக்ளினில் இறைச்சிக்கடை நடத்தினார். ஜூடித் மூத்த பிள்ளை. இவருக்கு இரு தம்பியர்.

1949-இல் குழந்தைக்கு இளம்பிள்ளை வாதம் கண்டபோது, அவளை ஒரு காப்பகத்தில் விட்டுவிடுமாறு மருத்துவர் ஒருவர் பெற்றோருக்கு அறிவுரை கூறினார். அக்காலத்தில் இது கொடுமையான யோசனையாகக் கருதப்படவில்லை. அமெரிக்காவில் வழக்கமாகத் தரப்பட்ட அறிவுரையே. பெற்றோர் மறுத்துவிட்டனர். 1939 முதல் செருமனியில் உடற்குறையுள்ள குழந்தைகள் மருத்துவமனைகளில் வைத்தே கொல்லப்பட்டார்கள் என்பதையும், அதற்கு முதற்படி அவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து நிறுவனங்களில் சேர்ப்பது என்பதையும் எண்ணிப் பார்த்தால், செருமனியிலிருந்து வந்த ஒரு குடும்பம் அந்த அறிவுரையை எவ்வாறு கேட்டிருக்கும் என்பது விளங்கும். ஹியூமன் தம் நினைவுக் குறிப்பில் இத்தொடர்பை வெளிப்படையாகவே எழுதியுள்ளார்.

பள்ளிக் கல்வி

ஐந்து வயதில் தாய் இவரை அருகிலிருந்த பொதுப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தையால் தீ விபத்து அபாயம் உண்டு என்று கூறித் தலைமையாசிரியர் சேர்க்க மறுத்தார். அடுத்து ஒரு யூத சமயப் பள்ளியை அணுகியபோது, குழந்தை எபிரேய மொழி கற்றுக்கொண்டால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். சிறுமி அம்மொழியைக் கற்றுக்கொண்ட பிறகும் இடம் கிடைக்கவில்லை.

இறுதியில் நகரக் கல்வி வாரியம் வீட்டுக்கே ஓர் ஆசிரியரை அனுப்பியது. அந்த ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாள் வந்தார். மொத்தம் இரண்டரை மணி நேரம். வீதியில் இருந்த மற்றக் குழந்தைகள் ஒரே நாளில் பெற்ற பாட நேரத்தைவிட இது குறைவு. ஏறத்தாழ எட்டு வயதில் கடைக்குச் சென்றுகொண்டிருந்தபோது, அறிமுகமற்ற சிறுவன் ஒருவன் "உனக்கு நோயா?" என்று கேட்டதாகவும், பிறர் கண்ணுக்குத் தாம் எவ்வாறு தெரிகிறோம் என்பது அன்றுதான் தமக்கு உறைத்தது என்றும் ஹியூமன் பதிவு செய்துள்ளார்.

ஒன்பது வயதில்தான் இவருக்குப் பள்ளி கிடைத்தது. அதுவும் வழக்கமான வகுப்பு அன்று. ஒரு பொதுப் பள்ளியின் கீழ்த்தளத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கென்று தனியே ஒதுக்கப்பட்டிருந்த வகுப்பு. மாடியில் படித்த பிள்ளைகளோடு இவர்களுக்குத் தொடர்பு குறைவு. சக்கர நாற்காலி பயன்படுத்துவோர் உயர்நிலைப் படிப்புக்கு மீண்டும் வீட்டுக் கல்விக்கே திரும்ப வேண்டும் என்பது அப்போதைய நடைமுறை. இல்சா ஹியூமனும் வேறு சில தாய்மாரும் சேர்ந்து கல்வி வாரியத்தை விடாது நெருக்கியதன் விளைவாக, 1961-இல் ஜூடித் உயர்நிலைப் பள்ளியில் சேர முடிந்தது. அதிகார அலுவலகங்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்று நிற்கும் வழக்கத்தை இவர் தாயிடமிருந்தே கற்றார் எனலாம்.

ஜெனட் முகாம்

ஒன்பது வயது முதல் பதினெட்டு வயது வரை ஒவ்வொரு கோடையிலும் ஹியூமன் ஜெனட் முகாமுக்குச் சென்றார். இது நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில், 1951-இல் மாற்றுத்திறனாளிகளுக்காகத் தொடங்கப்பட்ட கோடை முகாம். பார்வைக்கு மற்ற முகாம்களைப் போன்றதே: நீச்சல், பந்து விளையாட்டு, பாட்டு, இளமைக் காதல். ஆயினும் ஒரு வேறுபாடு இருந்தது. வீட்டில் ஒவ்வொரு உதவிக்கும் யாரையேனும் கேட்க வேண்டிய பிள்ளைகள், அங்கே உதவி இயல்பாகக் கிடைப்பதையும், உதவி தேவைப்படுவது வெட்கத்துக்குரியதல்ல என்பதையும் கண்டனர். இரவு நேரங்களில் வீடு, பெற்றோர், பள்ளி, தனிமை ஆகியவை பற்றி வெளிப்படையாகப் பேசிக்கொண்டனர். தமக்கு மட்டுமே நேர்ந்ததாக ஒவ்வொருவரும் எண்ணியிருந்தது எல்லோருக்கும் நேர்ந்திருந்தது.

ஹியூமன் பின்னர் அங்கேயே வழிகாட்டியாகவும் பணியாற்றினார். 1977 போராட்டத்தில் பங்குபெற்றவர்களுள் சிலர் இம்முகாமில் அறிமுகமானவர்கள்.

ஆசிரியர் உரிம வழக்கு

ஹியூமன் 1969-இல் லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். ஆசிரியராக விரும்பியதால், நியூயார்க் நகரக் கல்வி வாரியத்தின் உரிமத் தேர்வுகளை எழுதினார். எழுத்துத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தேறினார். மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை.

அப்பரிசோதனையில், கழிவறையை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதைக் காட்டும்படி மருத்துவர் கேட்டார் என ஹியூமன் தெரிவித்துள்ளார். உரிமம் மறுக்கப்பட்டதற்கு எழுத்தில் தரப்பட்ட காரணம், இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் செயலிழந்துள்ளன என்பது. தீப்பிடித்தால் தம்மையும் மாணவர்களையும் வெளியேற்ற இவரால் இயலாது என்பது அதன் உட்பொருள். ஐந்து வயதில் பள்ளிக்குள் விடாமல் தடுத்த அதே நெருப்பு, இருபத்திரண்டு வயதிலும் குறுக்கே நின்றது.

1970-இல் ஹியூமன் கல்வி வாரியத்தின் மீது வழக்குத் தொடுத்தார். இதே இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட பிராங்க்ளின் ரூசவெல்ட் நான்கு முறை நாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க, அந்நோய் கண்டவர் ஆசிரியராக முடியாதா என்று செய்தித்தாள்கள் கேட்டன. வழக்கு நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியிடம் சென்றது. அமெரிக்க ஒன்றிய நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் நீதிபதி அவர். பள்ளிகளில் இனப் பிரிவினையை எதிர்த்த வழக்குகளில் முன்னர் வழக்கறிஞராக வாதாடியவர். வாரியம் தன் முடிவை மறு ஆய்வு செய்வது நல்லது என்பதை அவர் உணர்த்தினார். மறு பரிசோதனைக்குப் பின் உரிமம் வழங்கப்பட்டு, வழக்கு தீர்ப்பின்றி முடிந்தது. ஹியூமன் புரூக்ளினில் மூன்று ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார்.

வழக்குச் செய்தி வெளியானதும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து மாற்றுத்திறனாளிகள் தம் அனுபவங்களைக் கூறி இவருக்கு மடல் எழுதினர். இதன் தொடர்ச்சியாக 1970-இல் நண்பர்களுடன் இணைந்து "டிசேபிள்ட் இன் ஆக்சன்" என்னும் அமைப்பைத் தொடங்கினார். அதுவரை இருந்த அமைப்புகள் பெரும்பாலும் ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியானவை. பெற்றோரும் மருத்துவர்களும் நடத்தியவை. நிதி திரட்டுவதை நோக்கமாகக் கொண்டவை. இது மாற்றுத்திறனாளிகளே நடத்திய, எல்லா வகைக் குறைபாடு உள்ளோரையும் ஒருசேரக் கொண்ட அரசியல் அமைப்பு.

பிரிவு 504

போரில் காயமுற்றோருக்கும் பிறருக்கும் தொழிற்பயிற்சி அளிக்கும் மறுவாழ்வுச் சட்ட வரைவை 1972-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசு நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சன் செலவைக் காரணம் காட்டி அதற்கு ஒப்புதல் மறுத்தார். அவ்வாண்டு தேர்தல் ஆண்டு. ஹியூமனும் தோழர்களும் நியூயார்க்கின் மாடிசன் அவென்யூவில் நிக்சனின் பரப்புரை அலுவலகம் அருகே சாலையில் அமர்ந்துகொண்டனர். சிறு குழுவே ஆயினும் போக்குவரத்து நின்றுவிட்டது. சக்கர நாற்காலியில் இருப்போரைக் கைது செய்து எந்த வண்டியில் ஏற்றுவது என்று காவலருக்குத் தெரியவில்லை. நிக்சன் 1973 மார்ச்சில் இரண்டாம் முறையும் மறுத்து, திருத்தப்பட்ட வடிவத்தில் 1973 செப்டம்பர் 26 அன்று கையொப்பம் இட்டார்.

அச்சட்டத்தின் கடைசிப் பகுதியில் பிரிவு 504 இடம்பெற்றது. அது ஒரே ஒரு வாக்கியம். ஒன்றிய அரசின் நிதி பெறும் எந்தத் திட்டத்திலும், தகுதியுள்ள ஒருவரை அவருடைய உடற்குறையைக் காரணமாகக் கொண்டு மட்டும் விலக்கவோ, பயன் மறுக்கவோ, பாகுபடுத்தவோ கூடாது என்பது அதன் சாரம். 1964-ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைச் சட்டத்தில் இனப் பாகுபாட்டைத் தடை செய்த வாசகத்தை ஒட்டி, மேலவை அலுவலர்கள் இதை எழுதிச் சேர்த்தனர். காங்கிரசில் இதைப் பற்றி விவாதமே நடக்கவில்லை என்று சொல்லலாம்.

இவ்வாக்கியம் எவ்வளவு விரிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அரசுப் பள்ளிகள், பெரும்பாலான பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், நகரப் பேருந்துகள், நூலகங்கள் ஆகிய அனைத்தும் ஒன்றிய அரசின் நிதி பெறுபவை. ஆனால் "பாகுபாடு" என்பது யாது? படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடம் பாகுபாடா? சைகை மொழி பெயர்ப்பாளர் இல்லாத வகுப்பு பாகுபாடா? யார் செலவு செய்வது, எத்தனை நாளுக்குள்? இவற்றுக்கு விடை தரும் விதிமுறைகள் இல்லாமல் எந்த நிறுவனமும் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தத் தேவையில்லை. எனவே எதுவும் நகரவில்லை.

விதிமுறைகளை வரையும் பொறுப்பு நலவாழ்வு, கல்வி, பொதுநலத் துறைக்கு உரியது. அத்துறையின் குடிசார் உரிமை அலுவலகம் வலுவான வரைவொன்றை ஆயத்தம் செய்தது. நிக்சன் ஆட்சியும் அதை அடுத்து வந்த ஜெரால்டு போர்டு ஆட்சியும் காலம் கடத்தின. 1976-இல் நீதிமன்றம் ஒன்று விதிமுறைகளை வெளியிடுமாறு ஆணையிட்டும், அப்போதைய துறைச் செயலர் கையொப்பம் இடாமலேயே 1977 சனவரியில் பதவி விலகினார். (அமெரிக்காவில் துறைச் செயலர் என்பவர் அமைச்சருக்கு நிகரானவர்.) தேர்தல் பரப்புரையில் ஆதரவு கூறியிருந்த ஜிம்மி கார்ட்டரின் ஆட்சியில் புதிய செயலரான ஜோசப் கலிபானோ, வரைவை மீண்டும் ஆய்வு செய்யப்போவதாக அறிவித்தார்.

இடைப்பட்ட காலத்தில் ஹியூமன் மேற்குக் கரைக்கு வந்திருந்தார். எட் ராபர்ட்ஸ் என்பவரின் அழைப்பின் பேரில் 1973-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகருக்குச் சென்று, பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் பயின்று 1975-இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். ராபர்ட்ஸ், இரும்பு நுரையீரல் எனப்படும் சுவாசக் கருவியின் துணையோடு 1962-இல் அப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்தவர். அங்கு 1972-இல் உருவான தன்னுரிமை வாழ்வு மையத்தில் ஹியூமன் துணை இயக்குநரானார். மாற்றுத்திறனாளிகள் தம் உதவியாளரைத் தாமே தேர்ந்து அமர்த்தி, தம் வீட்டில் வாழ வழிசெய்வது இம்மையத்தின் பணி.

1977 உள்ளிருப்புப் போராட்டம்

ஏப்ரல் 4-க்குள் விதிமுறைகள் மாற்றமின்றி வெளியிடப்பட வேண்டும் என்று மாற்றுத்திறனாளர் அமைப்புகளின் தேசியக் கூட்டமைப்பு காலக்கெடு விதித்தது. கெடு கடந்ததும், ஏப்ரல் 5 அன்று தலைநகர் வாசிங்டனிலும் பல மண்டல நகரங்களிலும் துறை அலுவலகங்கள் முன் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. வாசிங்டனில் அலுவலகத்துக்குள் தங்கியோருக்கு உணவும் தொலைபேசியும் மறுக்கப்பட்டதால், அப்போராட்டம் ஏறத்தாழ 28 மணி நேரத்தில் முடிந்தது. மற்ற நகரங்களிலும் நீடிக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் தொடர்ந்தது.

அங்கு பேரணிக்குப் பின் ஹியூமனும் கூட்டத்தினரும் ஐக்கிய நாடுகள் சதுக்கத்திலுள்ள ஒன்றிய அரசுக் கட்டடத்தின் நான்காம் தளத்துக்குச் சென்று, மண்டல அலுவலரிடம் விதிமுறைகள் பற்றி வினவினர். பிரிவு 504 என்ன சொல்கிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வெளியேற மாட்டோம் என்று ஹியூமன் அறிவித்தார். சுமார் 150 பேர் அன்றிரவு அங்கேயே தங்கினர்.

இவர்களுள் பலருக்கு இரவு தங்குவது என்பதே உயிரைப் பணயம் வைக்கும் செயல். சிறுநீர் வடிகுழாய் மாற்ற வேண்டியோர், படுக்கைப்புண் வராமலிருக்க இரவில் பலமுறை திருப்பிப் படுக்க வைக்கப்பட வேண்டியோர், நேரத்துக்கு மருந்து உட்கொள்ள வேண்டியோர் இருந்தனர். பலர் மாற்றுடைகூட எடுத்து வரவில்லை. குளிர்ச்சி தேவைப்படும் மருந்துகளுக்காகக் காற்றுப் பதனாக்கியின் மேல் ஒரு பெட்டியை ஒட்டிக் குளிர்பெட்டி ஆக்கினர். உதவியாளர் உடன் இல்லாதோருக்கு மற்றவர்கள் உதவினர். கை அசைக்க இயன்றவர் இயலாதவருக்கு ஊட்டினார். காது கேளாதவர் சக்கர நாற்காலியைத் தள்ளினார். தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது, காது கேளாதோர் சன்னல் வழியே சைகை மொழியில் வெளியே நின்றோருடன் பேசினர். காவலர்களுக்கு அது புரியவில்லை.

போராட்டம் நீடித்ததற்குக் காரணம் துணிவு மட்டும் அன்று. தசை அழிவு நோயுடன் வாழ்ந்த கிட்டி கோன் என்னும் தேர்ந்த அமைப்பாளர், தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள், சிறுபான்மையினர் இயக்கங்கள் ஆகியவற்றின் ஆதரவை முன்கூட்டியே திரட்டியிருந்தார். உணவு, மருத்துவம், செய்தித் தொடர்பு எனத் தனித்தனிக் குழுக்கள் அமைக்கப்பட்டிருந்தன. கறுப்பின உரிமை இயக்கமான கருஞ்சிறுத்தைக் கட்சி நாள்தோறும் சூடான உணவு சமைத்துக் கொண்டுவந்தது. அக்கட்சியைச் சேர்ந்த பிராட் லோமாக்ஸ் தண்டுவட மரப்பு நோய் உடையவர். தம் உதவியாளர் சக் ஜாக்சனுடன் போராட்டத்தில் இருந்தார். நகர மேயர் ஜார்ஜ் மஸ்கோனி மெத்தைகளும் குளிப்பதற்கான குழாய்களும் அனுப்பினார். முடிவுகள் அனைத்தும் எல்லோரும் கூடிய கூட்டத்தில் எடுக்கப்பட்டன. மெதுவாகப் பேசுவோர் பேசி முடிக்கும்வரை காத்திருந்ததாலும், ஒவ்வொரு சொல்லும் சைகை மொழியில் பெயர்க்கப்பட்டதாலும் கூட்டங்கள் நள்ளிரவைக் கடந்தன. இன்று நோக்கும்போது, அந்தத் தளத்தில் அவர்கள் நடத்திய வாழ்க்கையே அவர்கள் கேட்ட விதிமுறைகளின் முன்மாதிரியாக இருந்தது.

ஏப்ரல் 15 அன்று காங்கிரசு உறுப்பினர்கள் பிலிப் பர்ட்டனும் ஜார்ஜ் மில்லரும் அதே கட்டடத்தில் ஒரு விசாரணை அமர்வை நடத்தினர். கலிபானோ அனுப்பிய அலுவலர், வரைவில் 22 அம்சங்கள் மறு ஆய்வில் உள்ளதாகத் தெரிவித்தார். சில நிறுவனங்களுக்கு விலக்கு அளிப்பதும், சில பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி அமைப்பதும் அவற்றுள் அடங்கும். "தனித்தனி, ஆனால் சமம்" என்ற தொடரையும் அவர் பயன்படுத்தினார். அமெரிக்க வரலாற்றில் கறுப்பினத்தவரைப் பிரித்து வைத்ததற்கு முன்னர் கூறப்பட்ட சட்ட நியாயம் அதுவே. 1954-இல் உச்ச நீதிமன்றம் கல்வித் துறையில் அதை நிராகரித்திருந்தது. கீழ்த்தள வகுப்பில் படித்த ஹியூமனுக்கு அத்தொடரின் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் நடுங்கும் குரலில், பிரிவினையைப் பற்றி இனி எந்தப் பேச்சையும் ஏற்க மாட்டோம் என்றார். தாம் பேசும்போது அலுவலர் ஆமோதிப்பது போல் தலையசைத்துக்கொண்டிருந்ததைக் கண்டு, நாங்கள் சொல்வது உங்களுக்குப் புரிவதாக நான் நினைக்கவில்லை, ஆகவே தலையசைப்பதை நிறுத்துங்கள் என்ற கருத்துப்படக் கூறினார். இக்காட்சியின் படப்பதிவு இன்றும் கிடைக்கிறது.

பின்னர் ஒரு தூதுக்குழு ஹியூமன் தலைமையில் வாசிங்டன் சென்றது. சக்கர நாற்காலிகளோடு ஏறக்கூடிய பேருந்து தலைநகரில் கிடைக்காததால், இயந்திரத் தொழிலாளர் சங்கம் வாடகைக்கு எடுத்துத் தந்த மூடிய சரக்குந்தின் இருட்டில் அவர்கள் நகரெங்கும் பயணம் செய்தனர். கலிபானோவின் வீட்டின் முன் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றனர். வெள்ளை மாளிகை அலுவலர்களையும் சந்தித்தனர். ஏப்ரல் 28 அன்று கலிபானோ விதிமுறைகளில் கையொப்பம் இட்டார். போராட்டக்காரர்கள் கேட்டவாறே அடிப்படை மாற்றம் இன்றி அவை வெளிவந்தன. ஏப்ரல் 30 அன்று சான் பிரான்சிஸ்கோ கட்டடத்திலிருந்து அனைவரும் ஒன்றாக வெளியேறினர். அமெரிக்க ஒன்றிய அரசுக் கட்டடம் ஒன்றில் வன்முறையின்றி நடந்த மிக நீண்ட உள்ளிருப்புப் போராட்டமாக இது குறிப்பிடப்படுகிறது.

விதிமுறைகளும் அவற்றின் விளைவும்

1977 விதிமுறைகளின்படி, புதிய கட்டடங்கள் அணுகத்தக்கவையாகக் கட்டப்பட வேண்டும். பழைய கட்டடம் ஒவ்வொன்றையும் இடித்துக் கட்டத் தேவையில்லை. ஆனால் அங்கு நடக்கும் பணி ஒட்டுமொத்தமாக அனைவருக்கும் எட்ட வேண்டும். மாடியில் நடக்கும் வகுப்பைக் கீழே மாற்றுவது போன்ற எளிய வழிகள் 60 நாளுக்குள்ளும், கட்டுமான மாற்றங்கள் மூன்று ஆண்டுக்குள்ளும் செய்யப்பட வேண்டும். பள்ளி வயதுக் குழந்தை எவரையும் குறைபாட்டின் பேரில் கல்வியிலிருந்து விலக்கக் கூடாது. வேலைக்கு எடுப்பதற்கு முன் விண்ணப்பதாரரின் உடற்குறை பற்றி வினவக் கூடாது. அந்தப் பணியைச் செய்ய இயலுமா என்று மட்டுமே கேட்கலாம். உரிமப் பரிசோதனையில் ஹியூமன் எதிர்கொண்ட கேள்வி இதனால் சட்டப் புறம்பானது.

பணியாளருக்கு ஏற்ற சிறு மாற்றங்களைச் செய்து தருவதை விதிமுறைகள் "நியாயமான ஏற்பாடு" என்றன. நிறுவனத்தால் தாங்க முடியாத சுமை என்று மெய்ப்பித்தால் மட்டுமே அதிலிருந்து விலகலாம். ஒருவரை முடக்குவது அவருடைய கால்களா, அவர் முன்னுள்ள படிக்கட்டா என்ற வினாவுக்குப் படிக்கட்டு என்று விடையளிக்கும் சிந்தனை, சமூக மாதிரி எனப்படுகிறது. இதற்கு இப்பெயரைப் பிரித்தானிய அறிஞர் மைக் ஆலிவர் 1980-களில் பரவலாக்கினார். 504 விதிமுறைகள் பெயர் சூட்டப்படும் முன்னரே அச்சிந்தனையைச் சட்ட மொழியில் பேசின.

எல்லாம் உடனே மாறிவிடவில்லை. 1979-இல் உச்ச நீதிமன்றம், செவித்திறன் குறைந்த ஒருவரைச் செவிலியர் பயிற்சியில் சேர்க்க மறுத்த கல்லூரிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, பிரிவு 504-க்குக் குறுகிய பொருள் கொண்டது. 1980-களின் தொடக்கத்தில் ரொனால்டு ரேகன் ஆட்சி விதிமுறைகளைத் தளர்த்த முயன்றது. ஆயிரக்கணக்கான எதிர்ப்பு மடல்களுக்குப் பின் 1983-இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. அதற்குப் பொறுப்பாக இருந்த துணைத் தலைவர் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) பின்னர் குடியரசுத் தலைவராகி, 1990 சூலை 26 அன்று அமெரிக்க மாற்றுத்திறனாளர் சட்டத்தில் கையொப்பம் இட்டார் என்பது வரலாற்றின் சுவையான திருப்பம். அரசு நிதி பெறும் இடங்களுக்கு மட்டும் பொருந்திய கோட்பாட்டை அச்சட்டம் தனியார் கடைகள், உணவகங்கள், நிறுவனங்கள் வரை விரித்தது.

அரசுப் பணிகளும் பன்னாட்டுப் பணிகளும்

1983-இல் எட் ராபர்ட்ஸ், ஜோன் லியோன் ஆகியோருடன் சேர்ந்து ஹியூமன் உலக மாற்றுத்திறன் நிறுவனத்தை நிறுவினார். 1992-இல் ஜோர்ஜ் பினேடாவை மணந்தார். பில் கிளின்டன் ஆட்சியில் 1993 முதல் 2001 வரை கல்வித் துறையின் துணைச் செயலராக இருந்து, சிறப்புக் கல்வி, மறுவாழ்வுப் பணிகளுக்குப் பொறுப்பு வகித்தார். பள்ளியில் சேர்க்க மறுக்கப்பட்ட ஒருவர், நாடு முழுவதும் அத்தகைய பிள்ளைகளின் கல்விக்குப் பொறுப்பேற்றார். 2002 முதல் 2006 வரை உலக வங்கியில் மாற்றுத்திறனும் வளர்ச்சியும் குறித்த முதல் ஆலோசகராகவும், 2010 முதல் 2017 வரை பராக் ஒபாமா ஆட்சியில் வெளியுறவுத் துறையின் பன்னாட்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சிறப்பு ஆலோசகராகவும் பணியாற்றினார்.

இக்கடைசிப் பொறுப்பில் ஒரு பெருந்தோல்வியையும் கண்டார். ஐக்கிய நாடுகள் அவை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் அமெரிக்கா 2009-இல் கையொப்பம் இட்டது. அதை உறுதிசெய்ய மேலவையில் மூன்றில் இரு பங்கு ஆதரவு தேவை. 2012 டிசம்பர் 4 அன்று 61 பேர் ஆதரித்தும் 38 பேர் எதிர்த்தும் வாக்களித்ததால், உடன்படிக்கை ஐந்து வாக்குகளில் தோற்றது. நியாயமான ஏற்பாடு போன்ற அமெரிக்கச் சட்டக் கருத்துகள் பலவற்றைத் தாங்கிய அவ்வுடன்படிக்கையை உறுதிசெய்யாத நாடுகளுள் அமெரிக்கா ஒன்றாக நின்றுவிட்டது.

இந்தியா 2007-இலும் இலங்கை 2016-இலும் இதனை உறுதிசெய்தன. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவ்வுடன்படிக்கையை நிறைவேற்றும் பொருட்டு இயற்றப்பட்டது. ஆயினும் அதன் கீழ் வகுக்கப்பட்ட விதிகளில், அணுகல் தரங்கள் வெறும் வழிகாட்டல்களாகவே இருந்தன. சட்டம் கட்டாயம் என்பதை விதி பரிந்துரையாகக் குறைக்க முடியாது என்று கூறி, 2024 நவம்பர் 8 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் விதி 15(1)-ஐச் செல்லாதென அறிவித்து, கட்டாயத் தரங்களை வகுக்க ஒன்றிய அரசுக்கு மூன்று மாதம் தந்தது. 1977-இல் சான் பிரான்சிஸ்கோவில் எழுந்த சிக்கலும் இவ்வகையானதே.

சொல்லாட்சி

1973 சட்டத்தில் இருந்த பழைய ஆங்கிலச் சொல், தமிழில் "ஊனமுற்றோர்" என்பதற்கு நெருங்கியது. 1992 திருத்தத்தில் அது மாற்றப்பட்டது. தமிழ்நாட்டில் "மாற்றுத்திறனாளி" என்னும் சொல் அரசு வழக்காகியுள்ளது. இக்கட்டுரையும் அதையே ஆள்கிறது. ஹியூமன் தம் நிலையை மென்மைப்படுத்திக் கூறும் சொற்களை நாடவில்லை. இயலாமை ஒரு துன்பியல் ஆவது, வாழத் தேவையானவற்றைச் சமூகம் தரத் தவறும்போதுதான் என்பது அவர் பல இடங்களில் வலியுறுத்திய கருத்து.

நூல்கள், ஆவணப்படம், மறைவு

கிறிஸ்டன் ஜாய்னருடன் இணைந்து ஹியூமன் எழுதிய "பீயிங் ஹியூமன்" என்னும் நினைவுக் குறிப்பு 2020-இல் வெளியானது. இவர் பெயர் மனிதர் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லோடு ஒலியில் ஒத்திருப்பதால், தலைப்பு இருபொருள் தருகிறது. இதன் இளையோர் பதிப்பு "ரோலிங் வாரியர்" என்ற பெயரில் 2021-இல் வந்தது.

ஜெனட் முகாமையும் 504 போராட்டத்தையும் இணைத்துக் கூறும் "கிரிப் கேம்ப்" ஆவணப்படம் 2020-இல் வெளிவந்து, ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இதை நிக்கோல் நியூன்ஹாமும், முகாமில் இளமையில் பங்குபெற்ற ஜேம்ஸ் லெப்ரெக்டும் இயக்கினர். 1971-இல் முகாமில் எடுக்கப்பட்ட பழைய படச்சுருள்களில் இளவயது ஹியூமன், இரவு உணவுக்கு என்ன சமைக்கலாம் என்பதைப் பற்றி எல்லோருடைய கருத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பதைக் காணலாம்.

ஹியூமன் 2023 மார்ச் 4 அன்று வாசிங்டனில் தமது 75-ஆம் வயதில் காலமானார். அமெரிக்க நலவாழ்வு, மனிதப் பணிகள் துறை பிரிவு 504-இன் விதிமுறைகளை 2024 மே மாதம் விரிவாகப் புதுப்பித்தது. மருத்துவமனைகளில் சக்கர நாற்காலியில் இருப்போரும் பயன்படுத்தக்கூடிய பரிசோதனைக் கருவிகள் இருக்க வேண்டும் என்பது அதில் சேர்க்கப்பட்டவற்றுள் ஒன்று.